சுண்ணாம்புச் சாரமும் வெள்ளி விமானமும்: ஒரு பழைய போர் விமானத்துக்கு மெருகு போட்ட கதை

பின்னணி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் இருக்கும் பள்ளி அது. பாதிக் கட்டடம் புதியது, மீதி நூறு வருடம் தாண்டிய செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் வகுப்பறைகளாகவும் அலுவலகமாகவும் மாறியிருக்கின்றன. அந்த வீட்டின் பக்கச் சுவருக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவே, சிமென்ட் மேடையில் ஒரு மிக்-21 போர் விமானம் நிற்கிறது. வாசலில் நுழைந்து அலுவலகத்துக்குப் போகிறவர்கள் சுவருக்கும் விமானத்துக்கும் இடையில் உள்ள நடைபாதை வழியாகத்தான் போக வேண்டும். விமானத்தின் இடப்பக்கம் அவர்களின் கைக்கெட்டும் தூரம்.

விமானம் எஃப்எல் வகை. மிக்-21 நம் விமானப்படைக்கு 1963-ல் வந்தது. எஃப்எல் வகையை நாசிக்கில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டியது. 1971 டிசம்பரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியவை இந்த வகை விமானங்கள். 2013 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் கலைகுண்டா விமானப்படைத் தளத்தில் இந்த வகைக்கு விடை கொடுத்தார்கள். பறப்பதை நிறுத்திய உடல்களில் சில, இப்படிப் பள்ளி கல்லூரிகளுக்கும் ஊர்ச் சந்திகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

செட்டிநாட்டுக்கு விமானம் புதிதில்லை. அழகப்ப செட்டியார் விமானம் ஓட்டக் கற்றவர், ஜுபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனமே நடத்தினார். பள்ளியின் தாளாளர் எழுபது வயது தாண்டிய ஆச்சி. சின்ன வயதிலிருந்தே இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். விமானம் வேண்டும் என்று அலைந்து வாங்கியவரும் அவர்தான்.

வரும்போது விமானத்தின் மேல் சாம்பல் நிற பெயின்ட் இருந்தது. 1960-களில் இந்த விமானங்கள் பெயின்ட் இல்லாத வெள்ளி உடம்போடு நின்ற படம் ஒன்று ஆச்சியிடம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, அந்தத் தோற்றம் வேண்டும் என்று கார் பெயின்ட் அடிக்கும் ஒரு பட்டறையிடம் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் கிரைண்டரில் இரும்புக் கம்பி பிரஷ்ஷை மாட்டி இடப்பக்கத்தைச் சுரண்டினார்கள். பாதியில் பணத் தகராறு வந்து போய்விட்டார்கள். இடப்பக்கம் வெறும் உலோகமாகவும் வலப்பக்கம் பழைய சாம்பல் நிறத்திலுமாக விமானம் சில வருடம் அப்படியே நின்றது.

நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் பிரிவில், அதாவது விமானத்தின் உடம்பைப் பராமரிக்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆண்டு விழாவுக்குள் விமானம் பளபளக்க வேண்டும் என்று ஆச்சி கூப்பிட்டபோது, முதலில் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

என்ன தெரிந்தது

இடப்பக்கத்தில் மூன்று விதக் கோளாறு. மொத்தமாக மங்கிப்போன சாம்பல் படலம் ஒன்று. அதன் மேல் மிளகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள். இறக்கையின் மேற்பரப்பிலும், இறக்கை உடம்போடு சேரும் இடத்திலும் வெள்ளைத் திட்டுகள்.

பழுப்புப் புள்ளிகளைப் பள்ளியில் எல்லோரும் துரு என்றார்கள். துருதான், ஆனால் விமானத்தின் துரு இல்லை. அலுமினியம் பழுப்பாகத் துருப்பிடிக்காது. கம்பி பிரஷ்ஷின் இரும்புத் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் குத்தி நின்று, அவைதான் துருப்பிடித்திருந்தன. அசிங்கமாகத் தெரிவதோடு போனால் பரவாயில்லை. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டி நின்றால் ஒன்று மற்றதைத் தின்னும். இங்கே தின்னப்படுவது அலுமினியம். ஒவ்வொரு புள்ளிக்கு அடியிலும் ஒரு சின்னக் குழி ஆரம்பித்திருந்தது.

வெள்ளைத் திட்டுகளுக்குக் கடல் காற்றைக் காரணம் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ராமேஸ்வரத்துக்கு அருகே கடலோரத்தில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் போனால் உப்புக் காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று கண்ணால் பார்க்கலாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியே அங்கே அரிப்பைச் சோதிக்க ஒரு நிலையம் வைத்திருக்கிறது. காரைக்குடிப் பக்கம் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. தவிர, உப்புக் காற்று என்றால் எல்லாப் பக்கமும் பரவலாகப் பொரியும். இந்தத் திட்டுகள் சுவரைப் பார்த்த பக்கத்தில் மட்டும், துளித் துளியாக விழுந்து கீழே வழிந்த கோட்டோடு இருந்தன.

சிக்ரியில் அரிப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் திட்டைப் பார்க்கவில்லை, அண்ணாந்து சுவரைப் பார்த்தார். புதிதாகப் பூசிய சுவர். பழைய முறைப்படி கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்த மெருகு. கண்ணாடி மாதிரி மின்னியது. போன வருடம்தான் சாரம் கட்டிப் பூசினார்கள் என்றார் காவலாளி. விமானத்தின் மேல் ஏதாவது மூடினீர்களா என்று கேட்டதற்கு, "அது இரும்புதானே சார், அதுக்கு என்ன ஆகும்?" என்றார்.

திட்டிலிருந்து கொஞ்சம் பொடியைச் சுரண்டி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வினிகர் விட்டோம். நுரைத்தது. அலுமினிய அரிப்பில் வரும் வெள்ளைப் பொடி வினிகருக்கு நுரைக்காது. காற்றுப் பட்டுக் காய்ந்த சுண்ணாம்புதான் இப்படி நுரைக்கும்.

அலுமினியம் தன்னைத் தானே மூடிக்கொள்ளும் உலோகம். காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் பிடித்துவிடும், அதுதான் அதற்குக் காவல். அந்தப் படலம், அமில-கார அளவைக் காட்டும் பி.எச். ஏறத்தாழ 4-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்கும்வரை தாங்கும். ஈரச் சுண்ணாம்பின் பி.எச். 12-க்கு மேல். படலம் கரைந்து, கீழே உள்ள உலோகமும் கரைய ஆரம்பிக்கும். சுண்ணாம்பு காய்ந்ததும் அரிப்பு நின்றுவிடும், ஆனால் காய்வதற்குள் ஆக வேண்டியது ஆகியிருக்கும். வலப்பக்கம் தப்பித்ததற்கு அந்தப் பழைய சாம்பல் பெயின்ட்டும், சுவரைவிட்டு விலகி நின்றதும்தான் காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயிற்றுப் பகுதியில் தண்ணீர் வடிவதற்காக விட்ட துளைகளில் பலவற்றைக் குளவிகள் மண் வைத்து அடைத்திருந்தன. குத்திவிட்டபோது உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. வெளியே எவ்வளவு மெருகு போட்டாலும் உள்ளே குளம் கட்டி நின்றால் பயனில்லை.

கண்ணாடி மாதிரி வேண்டும் என்ற பேச்சு

ஆச்சி ஒரு பாலீஷ் மாஸ்டரையும் வரவழைத்திருந்தார். பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்கு பஃபிங் போடுகிறவர், கைத்திறமையில் குறை சொல்ல முடியாதவர். "அண்டாவையே முகம் பாக்குற மாதிரி ஆக்குறோம் சார், இது ஒரு பெரிய அண்டா, அவ்வளவுதானே" என்றார்.

அவரிடம் விமானத்திலிருந்து கழற்றிய ஒரு சின்ன ஆய்வுக் கதவைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதில் முகம் தெரிந்தது. ஆச்சிக்கு ரொம்பச் சந்தோஷம். அதன் பிறகு அதே கதவின் ஓரத்தில், மாஸ்டர் அழுத்திப் பிடித்த இடத்தில், காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு சொட்டு வைத்தோம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான். சொட்டு வைத்த இடம் கறுத்தது. மாஸ்டர் கைபடாத இடத்தில் வைத்த சொட்டு வெளுத்து நின்றது.

அந்தக் கறுப்புதான் இந்த வேலையின் திசையை மாற்றியது. விமானத் தோலுக்குப் பயன்படும் டியூராலுமின் வெறும் அலுமினியம் இல்லை. வலுவுக்காக 4 சதவீதத்தையொட்டித் தாமிரம் கலந்திருக்கும், அந்தத் தாமிரமே அரிப்புக்கு வழி விடும். அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டத் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக உருட்டி ஒட்டியிருப்பார்கள். அதற்கு கிளாடிங் என்று பெயர். பக்கத்துக்கு, தகட்டுக் கனத்தில் 2 முதல் 5 சதவீதம். 1.5 மில்லிமீட்டர் தகட்டில் 4 சதவீதம் என்றால் 60 மைக்ரான், ஒரு தலைமுடியின் கனம்கூடச் சரியாக வராது. காஸ்டிக் பட்டால் தாமிரம் உள்ள உலோகம் கறுக்கும், தூய அலுமினியம் கறுக்காது. மாஸ்டரின் மெஷின் சில நிமிடத்தில் போர்வையைத் தின்றுவிட்டு உள்ளே போயிருந்தது.

பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரை வைத்துப் போர்வை எவ்வளவு மிச்சம் என்று அளக்க முடியாதா என்று பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த மீட்டர் உலோகத்துக்கு மேல் உள்ள பெயின்ட்டைக் காட்டும். அலுமினியத்துக்கு மேல் அலுமினியம் இருந்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கண்ணாடி மெருகு கிடையாது என்பது முதல் முடிவு. பழைய படத்தில் தெரியும் வெள்ளி நிறமும் கண்ணாடி அல்ல. தொழிற்சாலையிலிருந்து வரும் தகட்டின் மிதமான பளபளப்புதான் அது. முகம் தெரியும் மெருகு இந்த விமானத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று ஆச்சியிடம் சொன்னபோது, அவர் அந்தப் படத்தை மறுபடி எடுத்துவரச் சொல்லி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்தது வலப்பக்கம். அதைத் தொடுவதில்லை என்றேன். இதற்குத்தான் பெரிய வாக்குவாதம். "பாதி பளபளன்னும் பாதி மங்கலாவும் இருந்தா வர்றவுக என்ன நெனப்பாக?" என்று ஆச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். என் காரணம் இரண்டு. சாம்பல் பெயின்ட்டுக்குக் கீழே மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு பிரைமர், அதாவது அடிப்பூச்சு, தெரிந்தது. அந்தக் காலத்து விமானங்களில் அப்படிப்பட்ட பிரைமரில் குரோமேட் என்ற குரோமியச் சேர்மம் இருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். பிள்ளைகள் ஓடியாடும் திடலின் ஓரத்தில் அதைச் சுரண்டக்கூடாது. இடப்பக்கத்தை அந்தப் பட்டறைக்காரர்கள் காய்ந்த நிலையில் கிரைண்டர் போட்டுச் சுரண்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. இரண்டாவது காரணம், வலப்பக்கத்தில் எச்சரிக்கை எழுத்துகளும் படைப்பிரிவின் குறியீடும் மங்கலாக மிச்சம் இருந்தன. விமானம் கடைசியாகப் பறந்த நாளின் தோற்றம் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.

"சரி, அது சர்வீஸ்ல இருந்த மாதிரி, இது படைக்குப் புதுசா வந்த மாதிரின்னு ஒரு போர்டு வச்சுருவோம்" என்று ஆச்சியே வழி சொன்னார். எனக்கு இது தோன்றவில்லை.

மூக்கின் கூம்பும் வாலின் உச்சியும் உலோகமே இல்லை, ரேடார் அலைகளும் ரேடியோ அலைகளும் ஊடுருவ வேண்டும் என்பதற்காக வேறு பொருளில் செய்தவை. பச்சை நிறத்தில் இருக்கும். அவற்றை மெருகிலிருந்து விலக்கினோம். விமானி அறையைத் திறக்கவில்லை. அந்தக் காலத்துப் போர் விமானங்களில் இருளில் தெரியும் முட்களுக்கு ரேடியம் கலந்த வர்ணம் பூசியதுண்டு. ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கையின் வெடிமருந்து நீக்கியாயிற்று என்ற தாளை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டேன்.

சுண்ணாம்பு அரித்த இறக்கை மூலையில் சொட்டுச் சோதனை பல இடத்தில் கறுப்பைக் காட்டியது. போர்வை போய்விட்ட இடத்தில் மெருகு போட்டால் கொஞ்ச நாள் மின்னிவிட்டு இன்னும் வேகமாக அரிக்கும். அங்கே உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும், குரோமேட் இல்லாத எட்ச் பிரைமர் அடித்து, மேலே வெள்ளி நிற பெயின்ட் என்று முடிவு. உலோகத்துக்கும் பெயின்ட்டுக்கும் வித்தியாசம் கிட்டப் போனால் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வேலை நடந்த விதம்

தை பிறந்த பிறகு ஆரம்பித்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்தது, வெயிலும் ஏறவில்லை. சித்திரையில் இந்த வேலையைச் செய்யவே முடியாது. தகட்டில் கை வைக்க முடியாத சூட்டில் காம்பவுண்டு என்ற மெருகுப் பசை தடவிய உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தை மாதத்திலும் பந்தல் போட்டு, காலை நேரத்தில் மட்டும்தான்.

கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பு அதிகம் என்றேன். வளவின் முற்றத்தில் விழும் மழைநீரைச் சேர்க்கும் பழைய தொட்டி அந்த வீட்டில் இன்னும் பயன்பாட்டில் இருந்தது. அந்தத் தண்ணீரில் காரமில்லாத கார் ஷாம்பூ கலந்து கழுவினோம். துணி சோப்பும் சோடாவும் ஆகாது, இரண்டும் காரம். புளி போட்டுத் தேய்க்கலாமே என்றார் சமையல்கார அம்மா. பித்தளைக்குச் சரி. ஆனால் வீட்டுப் புளி உப்புப் போட்டு வைத்த புளி. அந்த உப்பு அலுமினியத்தில் குழி பறிக்கும்.

சுண்ணாம்பை மூங்கில் சிம்பால் நெம்பி எடுத்தோம். ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்துக்கு நீர்த்த வினிகரை பஞ்சில் தொட்டு ஒற்றி, உடனே கழுவினோம். இரும்புத் துகள்களை எடுப்பதுதான் பொறுமையைச் சோதித்த வேலை. இரும்புக் கம்பளி, கம்பி பிரஷ் இரண்டுக்கும் திரும்பத் தடை. நைலான் பேடில் மெல்லிய காம்பவுண்டு தடவிக் கையால் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, மறுபடி தேய்த்து. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சிலர் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

இடப்பக்கத்தின் இடுக்குகளில் மிச்சமிருந்த பெயின்ட்டையும் பிரைமரையும் ஜெல் ரிமூவரால் ஈரமாகவே எடுத்தோம். இதில் மாணவர்கள் யாரும் இல்லை. விமானி அறையின் மேல்மூடி அக்ரிலிக், ரிமூவர் ஒரு சொட்டு பட்டாலும் வெடித்துப் பனி மூடியது போலாகிவிடும். அதனால் முதல் வேலையாக அதை பாலிதீன் போட்டு ஓரமெல்லாம் அலுமினிய டேப் ஒட்டி மூடினோம். வழித்தெடுத்த கசடு முழுவதும் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில்.

பிறகு மெருகு. பாலீஷ் மாஸ்டரையே வைத்துக்கொண்டேன், மெஷினை மட்டும் மாற்றினேன். வேகம் குறைக்கக்கூடிய பாலீஷர், கம்பளி பேடு, நடுத்தர காம்பவுண்டு, ஓர் இடத்தில் நிற்காத கை. ஒரே இடத்தில் நின்றால் தகடு சூடேறி நெளியும். ரிவெட் வரிசைகளை டேப் ஒட்டி மறைத்து, அந்த இடங்களைக் கையால் மட்டும் தேய்த்தோம். மெஷின் ரிவெட் தலையைச் சீவிவிடும். முதல் நாளே மாஸ்டருக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பாத்திரத்துல அழுத்தணும், இதுல தடவணும்" என்று தன் பையனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று இரட்டைச் சுழற்சி மெஷினில் மென்துணி கட்டி. அது இல்லையென்றால் வெயிலில் பார்க்கும்போது சுருள் சுருளாகக் கோடு தெரியும்.

மெருகு போடும்போது வரும் கறுப்பு மை எண்ணெய்ப் பசையோடு மூட்டுகளில் தங்கிவிடும். சோள மாவைத் தூவித் துணியால் துடைத்தால் பசையை உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும். விமானம் பராமரிப்பவர்கள் பல இடங்களில் செய்வதுதான். ஆச்சிக்கு மொத்த வேலையிலும் மிகவும் பிடித்தது இதுதான்.

மேலே என்ன பூசுவது என்பதில் சிக்ரி நண்பரும் நானும் ஒத்துப்போகவில்லை. தெளிந்த லாக்கர் வார்னிஷ் அடித்தால் வருடக்கணக்கில் கவலையில்லை என்றார் அவர். திறந்தவெளியில் லாக்கர் எங்காவது ஓர் ஓரத்தில் விரியும். அந்த விரிசலுக்குள் ஈரம் போய், படலத்துக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் போல அரிப்பு பரவும். அதை எடுக்க மறுபடி ரிமூவர், மறுபடி மெருகு, போர்வையில் இன்னும் கொஞ்சம் போகும். கார்னோபா மெழுகு என்றால் கழுவிவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம். மெழுகுதான் பூசினோம். அடிக்கடி பூச ஆள் இருக்கிறதா என்பதுதான் இதில் கேள்வி. பள்ளியில் ஆள் உண்டு.

மழைக்குப் பிறகு

ஆண்டு விழாவுக்கு விமானம் தயாராக இருந்தது. படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் இடப்பக்கம் நின்றார்கள். போர்டைப் படித்துவிட்டு வலப்பக்கம் போய்ப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

அடுத்த பருவமழை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். உடம்பின் பக்கவாட்டில் மெருகு கொஞ்சம் மங்கியிருந்தது, குழி எதுவும் புதிதாக இல்லை. பழுப்புப் புள்ளிகள் ஓரிரண்டு இடத்தில் மீண்டும் வந்திருந்தன, கையாலேயே எடுக்க முடிந்தது. வயிற்றுத் துளைகள் திறந்தே இருந்தன. குளவி வராமல் சின்ன வலை ஒட்டியிருந்தார்கள். பெயின்ட் அடித்த இறக்கை மூலை அப்படியே நின்றது.

முதுகுதான் மோசம். சுவரின் மேல் உட்காரும் புறாக்களுக்கு வாலும் முதுகும் வசதியான இடமாகிவிட்டன. எச்சம் மெழுகைத் தாண்டி உலோகத்தில் மங்கிய வளையங்களை விட்டிருந்தது. அதை மெருகு போட்டு எடுக்க மாணவர்கள் துடித்தார்கள், நான் விடவில்லை. கழுவி மெழுகு மட்டும் பூசச் சொன்னேன். வளையம் தெரிகிறது, ஆனால் போர்வை குறையவில்லை.

கசடு டிரம் இன்னொரு தலைவலி. அபாயக் கழிவை எடுக்க அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு சின்னப் பள்ளியின் ஒற்றை டிரம்முக்காக யாரும் எளிதில் வருவதில்லை. பூட்டிய அறையில் பல மாதம் கிடந்த பிறகுதான் போனது.

மாற்ற வேண்டியவை

இன்னொரு பள்ளியோ நகராட்சியோ இதே வேலைக்கு இறங்கினால் வரிசையை மாற்றச் சொல்வேன். கூரை முதலில், மெருகு பிறகு. வால் தரையிலிருந்து நாலு மீட்டருக்கு மேல் நிற்பதால் கூரை செலவு பயமுறுத்தும், ஆனால் கூரை இல்லாமல் போடும் மெருகு ஒவ்வொரு முறையும் அந்தத் தலைமுடிக் கனத்திலிருந்துதான் வருகிறது. கழிவை யார் எடுப்பார்கள் என்று தெரியாமல் ரிமூவர் டின்னைத் திறக்கக் கூடாது. மேலே கட்டட வேலை நடந்தால், சாரம் கட்டுவதற்கு முன்பே விமானத்தைத் தார்ப்பாயால் மூட வேண்டும். கொத்தனாருக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், விமானம் சுண்ணாம்பில் கரையும் என்று அவராக எப்படி நினைப்பார்?

சொட்டுச் சோதனை செய்த இடங்களின் வரைபடம் ஒன்றை மாணவர்கள் போட்டு அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே போர்வை போயிருக்கிறது, எங்கே மெஷின் வைக்கக் கூடாது என்று சிவப்பில் அடையாளம். கூரைக்கு ஆச்சி பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார், தூண்களுக்குக் குழி தோண்டியாயிற்று. தகரம் ஏறும்வரை பாலீஷர் மெஷின் அவர் அறையில் பூட்டியே இருக்கும், சாவி அவரிடம்.